வெங்காய மூட்டையும் உன் புரோகிராமும்

அன்புள்ள வினோத்துக்கு, அம்மா எழுதுகிறேன்.

போனில் சொல்லிவிட வேண்டியதை எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பெங்களூருக்குப் போனதிலிருந்து நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து எந்த எண் வந்தாலும் உன் முகம் மாறிவிடுகிறது என்று உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன் அப்பாவிடம் சொன்னானாம். என் எண்ணும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவள் கூப்பிட்டாலும் எடுக்க முடியாத அளவுக்கு அது என்ன பெரிய கம்பெனி என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நான் தப்பாகப் பேசுகிறேன் என்று அர்த்தம், உனக்குத்தான் தெரியுமே. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, என் புரோகிராம இனிமே நான் தொடக் கூடாதுன்னு கம்பெனியில எழுதி வாங்கிட்டாங்க. அத நம்பி யாரும் இருக்க வேணாம். நம்ம எடைமேடையிலயும் கம்பெனி புரோகிராமையே போட்டுக்க. பாய்கிட்ட, மத்தவங்ககிட்ட எல்லாம் நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா நல்லா இருக்காது." இவ்வளவுதான் சொல்லியிருந்தாய். குரல் ஆபீஸ்காரன் குரல் மாதிரி இருந்தது. எந்தக் கம்பெனிக்காக இதைச் சொல்கிறாயோ, அதே கம்பெனியின் பூட்டை உடைக்க முடியாமல்தான் நீ அந்தப் புரோகிராமையே எழுதினாய். இப்போது அதை நீயே எடுத்துவிடச் சொல்கிறாய். நீ கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால் சிலதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மக்காச்சோளம் அமோகமாக விளைந்திருந்தது. அரியலூர் ரோட்டில் நம் எடைமேடைக்கு வெளியே டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. இடையிடையே சிமெண்ட் லாரிகள் வேறு. இடி இடித்தது, கரண்ட் போய் வந்தது, பார்த்தால் எடை போடும் புரோகிராம் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. அதன் பின்னால் செருகியிருந்த டாங்கிள்தான் கருகிப் போயிருந்தது. சுண்டுவிரல் அளவு இருக்கும். அது செருகியிருந்தால்தான் கம்பெனி புரோகிராம் வாயைத் திறக்கும். டீலருக்குப் போன் போட்டேன். அந்த மாடலே இப்போது இல்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய எடை விவரமெல்லாம் அதில் வராது என்று ஒரு சாவு வீட்டில் ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னான். எங்கள் எடை, எங்கள் மேடை, எங்கள் வண்டிகள், அதைத் திறந்து பார்க்க உன் அனுமதி எதற்கு என்று கத்தினேன். சட்டம் அப்படித்தான் அம்மா என்றான். கையால் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சிமெண்ட் ஆலையில் கைச்சீட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த நீ, மதியச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாய்.

கொஞ்ச நாளில் நீயே ஒரு புரோகிராம் எழுத, மேடையின் எண்கள் உன் பழைய லேப்டாப்பில் வர ஆரம்பித்தன. சீட்டும் அடித்தது. வண்டி எண், லோடு எடை, காலி எடை, சரக்கின் எடை எல்லாம் தமிழிலேயே வந்தது. கம்பெனி புரோகிராமில் இருபது வருஷம் ஆனாலும் வராத தமிழ். நான் அந்தச் சீட்டை மூக்குக் கண்ணாடியோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை எந்த மேடையிலும் நிறுத்தி எடை போட்டிருக்க முடியாது. அதை ஏன் இன்டர்நெட்டில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிட்டாய் என்று கேட்டேன். ஓப்பன் சோர்ஸ் என்றாய். எனக்குப் புரியவில்லை என்றதும் நம் போர் மோட்டாரைக் காட்டினாய். "கம்பெனிக்காரன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவிய அவனே வச்சிப்பான்மா. இதுல ரூம் திறந்தே இருக்கும். பழுது பாக்கத் தெரிஞ்ச யார வேணாலும் கூட்டிட்டு வந்து பாத்துக்கலாம்." அப்போதே நான் சொன்னேன், பழுது பார்க்கத் தெரிந்தவன் இந்தப் பக்கத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று. சிரித்தாய். நானும் கேலியாகத்தான் சொன்னேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முதலில் வந்தது லெப்பைக்குடிக்காடு சாதிக் பாய். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மக்காச்சோளக் கமிஷன் மண்டியும் பக்கத்திலேயே ஒரு எடைமேடையும் வைத்திருக்கிறவர். நம் சீட்டைப் பார்த்துவிட்டு அந்தப் புரோகிராம் எவ்வளவு என்று கேட்டார். காசு வேண்டாம் பாய் என்று போட்டுக் கொடுத்தாய். "மாஷா அல்லாஹ், என் மவன் மாதிரி" என்று உன் தோளில் தட்டினார். அடுத்த நாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்தது. அப்புறம் குரும்பலூரிலிருந்து ஒரு எடைமேடைக்காரர் வந்தார், ஒரு மூட்டை சின்ன வெங்காயம் இறக்கினார். அரும்பாவூர்க்காரர் வாழைத்தார் கொண்டுவந்தார். உடையார்பாளையத்தில் எடைமேடை வைத்திருக்கும் முந்திரி வியாபாரி கலியபெருமாள் ஒரு பை நிறையப் பருப்பு கொண்டுவந்து, உடையாத முழுப்பருப்பு என்று மூன்று முறை சொன்னார். நம் பக்கத்து வழக்கம் அப்படி. நல்லது செய்தவன் கையில் காசை வைத்தால் அவனைக் கூலிக்காரன் ஆக்கிவிட்டோம் என்று கொடுப்பவனுக்கும் கூச்சம், வாங்குபவனுக்கும் கூச்சம். விளைந்ததைக் கொண்டுவந்து தின்னக் கொடுத்தால்தான் மரியாதை. நானும் அந்த மரியாதையில் மயங்கித்தான் போனேன். வீட்டுக் கூடத்தில் வெங்காயம் பரப்பி வைத்திருந்தபோது யார் வந்தாலும், இதெல்லாம் எங்கள் வினோத்துக்கு வந்தது என்று கேட்காமலே சொன்னேன்.

பாதி வெங்காயம் அழுகித்தான் போயிற்று. உன் லேப்டாப் கீபோர்டில் இரண்டு எழுத்துப் பட்டன் உதிர்ந்து, அந்த இடத்தை நீ அழுத்தி அழுத்தி அடித்துக்கொண்டிருந்தாய். வெங்காயத்தை வைத்துப் புதுசு வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வேலை கிடைத்தால் வாங்கிக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். அதோடு நிற்கவில்லை. நம் எடைமேடைச் சுவரில், எடை பிழையின்றிப் போடப்படும் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, புரோகிராம் சந்தேகங்களுக்கு என்று போட்டு உன் செல் நம்பரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னது நான். நீ வேண்டாம் என்றாய். ஊரே உன்னைத் தேடி வருகிறது, உனக்கு என்னடா குறை என்றேன். அப்பா லாரியில் சிமெண்ட் லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு ஒரு நாள் வந்தவர், வாசலில் நின்ற மூன்று பேரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அவன் என்ன உன் புள்ளையா, தெருக்கொழாயா? வர்றவன் போறவனெல்லாம் கொடத்த வச்சிக்கிட்டு நிக்கிறான்." நான் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு பொட்டலம் முந்திரி எடுத்துக் கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் வழியாக உனக்கு ஒரு நேர்காணல் நடந்ததே, நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டை போட்டு, கீழே லுங்கியோடு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அரும்பாவூர்க்காரர் பிரிண்டர் ஓடவில்லை என்று நேராக வந்துவிட்டார். தம்பி முக்கியமான வேலையில் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது, கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பி தம்பி என்று கூப்பிட்டார். நீ அந்த வேலைக்குத் தேறவில்லை. அந்த ஒன்றினால்தான் தேறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ வெளியே வந்து, ஒரு வார்த்தை முகம் கோணாமல், அவரோடு பைக்கில் ஏறிப் போய் பிரிண்டரைச் சரி செய்துவிட்டு வந்தாய். அன்றைக்காவது நீ என்னைத் திட்டியிருக்கலாம். நீ திட்டாததை நான் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நீ தேய்ந்துகொண்டு வருகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் வண்டி வண்டியாக எடை பார்க்கிறவளுக்கு, சொந்தப் பிள்ளை இளைத்துப்போனது கண்ணில் படவில்லை.

இப்போது கலியபெருமாள் விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னோடு அதைப் பேசியதே இல்லை. முந்திரிக்கொட்டை சீசனில் வண்டியை ஒவ்வொரு தடவையும் காலியாகக் கொண்டுவந்து நிறுத்தி எடை போட நேரமில்லை, ஒரு தடவை போட்ட காலி எடையைப் புரோகிராமே வைத்திருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்டார். அது நியாயமான ஆசை. அதோடு நான் ஒன்று சேர்த்தேன். முழு வண்டி எண்ணையும் அடித்துக்கொண்டிருக்க முடியாது, கடைசி நாலு நம்பர் அடித்தால் போதும்படி செய் என்றேன். நம் பக்கத்தில் யார் வண்டியையும் நாலு நம்பரில்தானே சொல்கிறோம்? "வேணாம்மா, ஒரே நாலு நம்பர்ல ரெண்டு வண்டி இருந்தா தப்பாயிடும், ரெண்டு வாரம் டைம் குடு, சரியா பண்ணித் தரேன்" என்றாய். நம் ஊரில் எங்கேயடா ஒரே நம்பர் வரப்போகிறது, சீசன் முடிந்தா தரப்போகிறாய், அவர் தினமும் எனக்குப் போன் போடுகிறார், கொடுத்துத் தொலை என்றேன். கொடுத்தாய்.

நம் மேடையில் ஒன்றும் ஆகவில்லை. உடையார்பாளையத்தில் ஆனது. ஒரு மினி வேனும் ஒரு பெரிய வண்டியும் ஒரே நாலு நம்பர். வேனில் கொட்டை கொண்டுவந்தவருக்குப் பெரிய வண்டியின் காலி எடையைக் கழித்து உன் புரோகிராம் சீட்டு அடித்துவிட்டது. வருஷம் முழுக்கத் தோப்பைக் காத்தவருக்குத் தன் சரக்கு எவ்வளவு என்று தெரியாதா? எடையில் திருடுகிறாயா என்று கலியபெருமாளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கை உன்னைக் காட்டியது. கம்பெனி புரோகிராமாக இருந்தால் கம்பெனி மேல் கேஸ் போடு என்று சொல்லியிருப்பார். இங்கே கம்பெனி என்று ஒன்று இல்லை. நீ இருந்தாய். நீயும் ஓடி ஒளியாமல் நேரே போனாய். போன சீட்டுகளையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தாய். யாருக்கும் கடைசியில் நஷ்டம் இல்லை. ஆனால் அதற்குள் யாரோ உன் சட்டையைப் பிடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது மேல் பித்தான் இரண்டும் இல்லை, பாக்கெட் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா நாலு நம்பர் கேட்டாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அங்கே ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை என்று பின்னால் கலியபெருமாளே சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கு நீ சோற்றில் கை வைத்தபோது போன் அடித்தது. கையைக் கழுவினாய். போனை எடுத்துப் போய் அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே வைத்து, மூடியைப் போட்டு அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாய். டிரம்முக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. நாம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். அடுத்த மாதமே கம்பெனியிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் தங்கள் புரோகிராமை வாங்குவதில்லையே என்று விசாரித்து, உன் பெயரைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டிருக்கிறார்கள். நீ போகிறேன் என்றதும் நான் சந்தோஷப்படுவது போல் காட்டிக்கொண்டேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும்வரை சன்னலோரம் நின்றேன். நீ போயிட்டு வரேன் என்று சொன்னாய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், மறைத்து என்ன ஆகப்போகிறது. எதிராளியிடமே போய்ச் சேர்ந்துவிட்டான், இனிமேல் அவனே வந்து நமக்கு டாங்கிள் விற்பான் என்று டீக்கடையில் சொன்னார்களாம். நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், நீ துரோகம் செய்யவில்லை. கம்பெனிக்காரன் திருடன் என்று நான் இத்தனை வருஷம் ஏசினேன், அதுவும் சரியில்லை. அவன் பூட்டுப் போட்டு விற்கிறான், அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பூட்டுக் காசில் ஒரு ஆளுக்குச் சம்பளம் போகிறது, அவனுக்கு லீவு இருக்கிறது, அவன் தப்புப் பண்ணினால் அவன் சட்டையை யாரும் பிடிப்பதில்லை. நம்முடையது இலவசம் இலவசம் என்று நான் பெருமை அடித்தேனே, அது இலவசமாக வரவில்லை. உன் தூக்கத்திலும் உன் வயசிலும் எடுத்துத்தான் நான் எல்லாருக்கும் வாரி வழங்கினேன். திறந்து வைப்பது நல்லதுதான். திறந்து வைத்தவனுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று பக்கத்தில் இருந்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். அங்கே உனக்குக் கொடுக்கிற சம்பளத்தைத் தலை நிமிர்ந்து வாங்கு. ஒருவர் உன்னிடம் உதவி கேட்டு வந்தால் செய், ஆனால் அதற்கு எவ்வளவு காசு ஆகும் என்று முதலிலேயே கூச்சப்படாமல் சொல்லிவிடு. இந்தப் பாடத்தை நான் உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லித் தருவேன்?

நீ சொன்னபடி எல்லாரையும் சாதிக் பாய் குடோனில் ஒரு மத்தியானம் கூடச் சொன்னேன். கம்பெனி புரோகிராமுக்கு மாறிக்கொள்ளுங்கள், வினோத் சொல்லச் சொன்னான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத்தான் போனேன். குரும்பலூர், அரும்பாவூர், உடையார்பாளையம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். அதற்குள் பாயின் மகள் நஸ்ரின் பேச ஆரம்பித்துவிட்டாள். திருச்சியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வாப்பாவின் மண்டியைப் பார்த்துக்கொள்கிற பெண், நீ பார்த்திருப்பாய். "புரோகிராம் முழுசா நெட்லயே இருக்குங்க ஆன்ட்டி. அண்ணன் எழுதினத ஒவ்வொரு வரியா படிச்சிட்டேன். ஒரே நாலு நம்பர் வந்தா ரெண்டு வண்டியையும் காட்டி எதுன்னு கேக்கற மாதிரி மாத்தியும் வச்சிட்டேன். நான் பாத்துக்கறேன். ஆனா சும்மா பாத்துக்க முடியாது. மாசச் சம்பளம் வேணும். வெள்ளிக்கெழம லீவு வேணும். என் நம்பர் யார் செவுத்துலயும் இருக்கக் கூடாது."

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் என்ன பேச்சு இது என்று அவளை அடக்கப் பார்த்தார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டது நீ கேட்டிருக்க வேண்டியது. நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்து நான் கேட்டிருக்க வேண்டியது. எனக்கு அப்போது எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. ஒவ்வொரு எடைமேடையும் மாதா மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும், அது நஸ்ரினுக்குச் சம்பளமாகப் போகும், புரோகிராம் திறந்தேதான் இருக்கும், புதிதாக யார் எடுத்துக்கொண்டாலும் தடையில்லை, ஆனால் கூப்பிட்டால் வருகிற ஆளுக்குக் காசு உண்டு, வெங்காயம் கிடையாது, சந்தேகமென்றால் எனக்குத்தான் போன் போட வேண்டும், அவளுக்கு எந்த வேலை எப்போது என்று நான்தான் சொல்வேன் என்றேன். பெரிய சண்டை வரும், பாதிப் பேர் எழுந்து போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரும் எழுந்து போகவில்லை. கலியபெருமாள்தான் முதலில் சரி என்றார். அரும்பாவூர்க்காரர் ஒரு வருஷத்துக்குச் சேர்த்தே தந்துவிடலாமா என்று கேட்டார். குரும்பலூர்க்காரருக்கு இன்னும் ஒருவர் வைத்துக்கொண்டால் வேலை இலகுவாக இருக்குமே என்று யோசனை. சொல்லியிருந்த டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. நீ சொல்லச் சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கம்பெனியில் கேட்டால் அம்மா மறுத்துவிட்டாள் என்று தாராளமாகச் சொல், உன் வேலைக்கு அதனால் கெடுதல் வராது. புரோகிராமின் தலைப்பில் எழுதியவர் என்று உன் பெயர் இருக்கிறதாம். அதை எடுக்கக் கூடாது என்று ஓப்பன் சோர்ஸில் விதி இருப்பதாக நஸ்ரின் சொன்னாள். விதி இல்லாவிட்டாலும் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் பக்கத்தில் வந்து நின்றார். குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர், உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "ஏம்மா, இத அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? தர மாட்டோம்னா சொல்லியிருப்போம்? தம்பி இங்கயே இருந்திருக்கும்."

வீட்டுக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போய், சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருந்த உன் நம்பரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன், வினோத்.

உன் அம்மா